ஈசன் நந்தவனத்தின் கிழக்கு எல்லை

திருக்கோவலூரில் உலகளந்த பெருமாளைச் சேவிக்கும்போதெல்லாம் எனக்கு ஓர் எண்ணம் எழுவதுண்டு. ஒரு திருவடியை மண்ணில் ஊன்றி, மறு திருவடியை விண்ணோக்கி உயர்த்தி நிற்கும் அந்த நெடிய திருக்கோலத்தை உலகின் முதல் நில அளவர் என்று வணங்கத் தோன்றும். முப்பத்தைந்து ஆண்டுகள் வங்கியில் பணியாற்றி, விவசாயக் கடனுக்காகச் சிட்டாவையும் அடங்கலையும் புரட்டிப் பழகிய கண்ணுக்கு அப்படித்தான் தெரிகிறது. பெரியோர் பொறுத்தருள்க. மாவலியிடம் கேட்டது மூன்றடி மண். ஆனால் அளக்கும்போது விண்ணையும் சேர்த்தே அளக்க வேண்டியிருந்தது. இன்று எங்கள் ஊர் வயல் வரப்பை அளக்கவும் விண்ணைத்தான் நோக்க வேண்டியிருக்கிறது என்பதைச் சென்ற ஆண்டு தை மாதத்தில் நேரில் கண்டேன்.

எங்கள் ஊர் திருவாரூருக்கும் மன்னார்குடிக்கும் இடைப்பட்ட ஒரு சிற்றூர். ஊர்ச் சிவாலயத்துக்கு நந்தவனம் ஒன்று உண்டு. அரளியும் நந்தியாவட்டையும் பவழமல்லியும் என் சிறுவயதில் அங்கே மண்டிக் கிடந்தன. ‘அ’ பதிவேட்டில் அதன் பரப்பு 0.25.0 ஹெக்டேர், அதாவது ஏறத்தாழ 62 சென்ட். திருப்பணிக் குழுவினர் நாடா பிடித்து அளந்தபோது 55 சென்ட்தான் தேறியது. மேற்கே எங்கள் பங்காளி ஒருவரின் மாட்டுக்கொட்டகை. கிழக்கே எங்கள் குடும்பத்தின் நஞ்சை. ஐயம் மாட்டுக்கொட்டகையின் மீது விழுந்தது. ‘மேற்கு எல்லையில் ஆக்கிரமிப்பு இருப்பதாகத் தெரிகிறது’ என்று விண்ணப்பம் எழுதிக் கொடுத்தவன் நானே. வங்கி மொழியில் நன்றாகவே எழுதியிருந்தேன்.

தமிழகத் திருக்கோயில்களுக்குச் சொந்தமான நிலம் ஏறத்தாழ 4.78 லட்சம் ஏக்கர் என்பது அறநிலையத் துறையின் கணக்கு. இந்நிலங்களைச் செயற்கைக்கோள் உதவியுடன் ‘ரோவர்’ கருவியால் அளந்து எல்லைக்கல் நடும் பணி 2021 செப்டம்பரில் மயிலை கபாலீசுவரர் திருக்கோயிலுக்குச் சொந்தமான இடத்தில் தொடங்கியது. அந்தப் பணியின் வரிசையில் எங்கள் ஊருக்கும் முறை வந்தது.

வந்தவர்கள் மூவர். தலைமை தாங்கியவர் முப்பது வயதுகூட நிரம்பாத பெண் நில அளவர். இரண்டு பெட்டிகள், ஒரு முக்காலி, இரண்டு மீட்டர் உயரமுள்ள ஒரு கோல், கைபேசி போன்ற ஒரு கட்டுப்பாட்டுக் கருவி, இவ்வளவுதான் சாமான். சங்கிலி இல்லை, கொடிக்கம்பு இல்லை.

“இந்தக் கைபேசியிலேயே இடம் காட்டுகிறதே, அதற்கு ஏன் அம்மா இவ்வளவு பெட்டி?” என்று கேட்டேன்.

“கைபேசி நம்மை வீட்டு வாசல்வரை கொண்டுபோய்விடும் ஐயா. எந்தச் சுவர் யாருடையது என்று சொல்லாது” என்றார்.

அவர் சொன்னதன் விளக்கம் இது. நமக்கு 20,200 கிலோமீட்டர் உயரத்தில் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் சுற்றிவருகின்றன. நம் நாட்டின் ‘நாவிக்’ உட்பட வேறு நாடுகளின் கோள்களும் உண்டு. ஒவ்வொன்றும் தன்னிடமுள்ள அணுக்கடிகாரத்தின் நேரத்தைச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. அந்தச் செய்தி நம்மை வந்தடைய எடுத்துக்கொண்ட நேரத்தைத் தூரமாக்கினால் இடம் கிடைக்கும். வாமனனுக்கு மூன்றடி போதுமாயிற்று. இக்கருவிக்குக் குறைந்தது நான்கு கோள்கள் வேண்டும். மூன்று தூரங்கள் இடத்தைக் காட்ட, நான்காவது நம் கையிலுள்ள கருவிக் கடிகாரத்தின் பிழையைத் திருத்த. ஒரு நொடியில் நூறு கோடியில் ஒரு பங்கு பிசகினால் 30 சென்டிமீட்டர் பிசகும் என்றால், கடிகாரத்தின் அருமை புரியும். போதாததற்கு வழியில் உள்ள காற்று மண்டலம் செய்தியைத் தாமதப்படுத்துகிறது. ஆகவே வெட்டவெளியிலும் கைபேசி ஐந்து மீட்டர் அளவுக்குத் தடுமாறும். ஐந்து மீட்டரில் எங்கள் ஊரில் ஒரு வீடே அடங்கும்.

இத்தடுமாற்றத்தைப் போக்கும் உபாயம் எளிமையானது. இடம் ஐயமறத் தெரிந்த ஒரு புள்ளியில் ஒரு கருவியை அசையாமல் நிறுத்திவிடுவது. ‘நான் இருப்பது இங்கே, ஆனால் கோள்கள் என்னை அங்கே காட்டுகின்றன, ஆகவே இந்நேரத்துப் பிழை இவ்வளவு’ என்று அது கணக்கிட்டு நொடிதோறும் அறிவிக்கும். கோலில் பொருத்திய இரண்டாம் கருவி அந்தத் திருத்தத்தை வாங்கிக்கொண்டு வயலில் நடக்கும். நிற்பது ‘பேஸ்’, நடப்பது ‘ரோவர்’. மூலவரும் உற்சவரும் போல என்று எங்கள் குருக்கள் ஒரே வரியில் முடித்துவிட்டார். இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது.

நில அளவைத் துறையினர் மாநிலத்தின் பல இடங்களில் இத்தகைய நிலையான கருவிகளை நிரந்தரமாகவே நிறுவியிருக்கிறார்கள். கைபேசி இணையம் வழியே அவற்றின் திருத்தத்தைப் பெற்றால் தனி மூலவர் தேவையில்லை. எங்கள் ஊரில் இணையம் விட்டு விட்டு வரும் என்பதால் தனியே ஒன்றை நிறுத்த வேண்டியதாயிற்று.

கோபுரமும் கருவியும்

கருவியைக் கோயிலுக்குள், கொடிமரத்தருகே நிறுத்த வேண்டும் என்பது குருக்களின் ஆசை. “சுவாமி சாட்சியாக இருக்கட்டுமே” என்றார். அளவர் பணிவாக மறுத்துவிட்டார். கோபுரமும் மதிலும் வானத்தின் பாதியை மறைக்கும். மறைப்பதுகூடப் பெரிதில்லை, செய்தி சுவரில் பட்டுத் திரும்பி வருவதுதான் ஆபத்து. பிராகாரத்தில் நாகசுரம் ஒலிக்கும்போது எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று காது மயங்குவதில்லையா, அப்படிக் கருவியும் மயங்கும். தகரக் கொட்டகை, திருக்குளத்து நீர்ப்பரப்பு ஆகியவையும் இதே வேலையைச் செய்யும். அடர்ந்த மரநிழலும் ஆகாது.

இதைக் கேட்டபோது எனக்கு ஒரு பழைய செய்தி நினைவுக்கு வந்தது. நில அளவைக்குக் கோபுரமே சிறந்த இடமாக இருந்த காலமும் உண்டு. 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்ப்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி, சென்னை பரங்கிமலைக்கு அருகில் 100 அடி எஃகுச் சங்கிலியால் ஏழரை மைல் நீளத்துக்கு ஒரு கோட்டை அளந்து, இந்தியாவின் பெரும் முக்கோண அளவையைத் தொடங்கினார். மலைகள் உள்ள வரையில் உச்சிக்கு உச்சி பார்த்து அளந்தவருக்குக் காவிரிச் சமவெளியில் மலையே கிடைக்கவில்லை. தென்னைகளுக்கு மேல் தலை தூக்கி நின்றவை கோபுரங்கள் மட்டுமே. 1808-இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மீது தம் அரை டன் எடையுள்ள தியோடலைட்டைக் கயிறு கட்டி ஏற்றினார். கயிறு அறுந்தது, கருவி கற்சுவரில் மோதி நசுங்கியது. அவர் மனம் தளராமல் தாமே ஆறு வாரங்கள் உழைத்து அதைச் செப்பனிட்டு, மீண்டும் அளக்கத் தொடங்கினார். ராஜராஜன் எழுப்பிய விமானத்துக்கு ஒன்றும் நேரவில்லை என்பது நமக்கு ஆறுதல்.

அந்த ராஜராஜனும் அளந்தவன்தான். கி.பி. 1001-ஐ ஒட்டிப் பதினாறு சாண் நீளமுள்ள உலகளந்த கோலால் தன் நாட்டை அளப்பித்தான். கோலுக்கு வைத்த பெயரைக் கவனியுங்கள். வேலியின் மிகமிகச் சிறிய பின்னங்கள்வரை நிலத்தைக் கணக்கெழுதி, ஊர்நத்தம், குளம், வாய்க்கால், சுடுகாடு என்று வரி விலக்கு உள்ளவற்றைக் கழித்துத் தஞ்சைக் கல்லில் வெட்டி வைத்தார்கள். பேரேடு எழுதிப் பழகிய நான் அந்தக் கல்வெட்டுகளின் முன் பலமுறை வெட்கி நின்றிருக்கிறேன்.

முக்காலி நிறுத்திய காலைப்பொழுது

முடிவில் களத்துமேடு தேர்வாயிற்று. நான்கு புறமும் வெட்டவெளி. முந்தின நாளே அங்கே ஒரு சிமென்ட் கட்டையைப் பதித்து, நடுவில் ஓர் ஆணி அடித்திருந்தார்கள். அதன் மேல் கருவியை ஆறு மணி நேரம் அசையாமல் வைத்துப் பதிவு செய்து, அரசின் நிரந்தர நிலையங்களின் பதிவோடு ஒப்பிட்டு, அந்த ஆணியின் தலை இப்பூமியில் எங்கே இருக்கிறது என்று கணக்கிட்டு வைத்திருந்தார்கள்.

மறுநாள் காலை ஆறரை மணிக்கு அந்தப் பெண் முக்காலியை நிறுத்தியதைக் கண்டவர்கள் பூஜைக்கு ஒப்பிட்டால் தவறில்லை. மூன்று கால்களையும் விரித்து, ஒவ்வொன்றையும் மிதித்து மண்ணில் அழுத்தினார். ஈரமண் வெயிலேற ஏற இளகும் என்பதால் மேலும் ஒருமுறை மிதித்தார். திருகுகளைத் திருப்பி ரசமட்டத்தின் குமிழை வட்டத்தின் நடுவே கொண்டுவந்தார். கீழே பார்த்தால் குறி ஆணியை விட்டு விலகியிருந்தது. சரி செய்தார், இப்போது குமிழ் விலகியது. இப்படி நான்கைந்து முறை. இரண்டும் ஒருசேர அமையும்வரை அவர் நிமிரவில்லை. பிறகு ஆணியின் தலையிலிருந்து கருவியின் அடிவரை உயரத்தை மூன்று பக்கங்களிலிருந்தும் அளந்து, மூன்றும் ஒத்துவந்த பிறகே குறித்தார். அளந்தது சாய்வு உயரமா, செங்குத்து உயரமா என்று கருவி கேட்கும். அந்த ஒரு கேள்விக்குத் தவறாகப் பதிலளித்தால் நாள் முழுவதும் எடுத்த உயரங்கள் அத்தனையும் பிழையாகிவிடுமாம்.

இதைவிடப் பெரிய தவறு ஒன்றும் உண்டு. தெரிந்த புள்ளியின் எண்களைத் தட்டுவதற்குச் சோம்பி, ‘நீ இருக்கும் இடத்தை நீயே எடுத்துக்கொள்’ என்று கருவியிடம் விட்டுவிடும் வசதியும் அதில் இருக்கிறது. அப்படி விட்டால் மூலவரே இரண்டு மூன்று மீட்டர் தள்ளி அமர்ந்துவிடுவார். வயலுக்குள் எடுக்கும் நீள அகலங்கள் எல்லாம் சென்டிமீட்டர் சுத்தமாக இருக்கும்; ஆனால் முழு வயலும் ஒரே கட்டாக நகர்ந்திருக்கும். வங்கியில் ஆரம்ப இருப்பைத் தவறாக எழுதிவிட்டு, அதன் பின் அத்தனை வரவு செலவையும் சரியாகக் கூட்டுவதைப் போல. கூட்டலில் குற்றம் காண முடியாது. இறுதி இருப்பு மட்டும் ஊரை ஏமாற்றும்.

ரோவர் திரையில் உயரம் என்ற இடத்தில் கழித்தல் குறியோடு எண்பதுக்கும் மேல் ஓர் எண் வந்தது. நாங்கள் நின்ற வயல் கடலுக்கு எண்பது மீட்டர் கீழே இருப்பதாகப் பொருள்படவே, கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். பிழையில்லையாம். கருவி உயரத்தை அளப்பது கணக்குக்காக வகுத்த வழவழப்பான ஒரு பூகோளத்திலிருந்து. உண்மையான கடல்மட்டமோ நம் தென்கோடியில் அதைவிட வெகுவாகத் தாழ்ந்திருக்கிறது. இலங்கைக்குத் தெற்கே இந்துமாக்கடலில் அந்தத் தாழ்வு நூறு மீட்டரையும் தாண்டுகிறது. புவியீர்ப்பின் ஏற்றத்தாழ்வே காரணம். எல்லைச் சிக்கலுக்கு இது தேவையில்லைதான். ஆனாலும் அன்று முழுவதும் அதை எண்ணி வியந்துகொண்டிருந்தேன்.

திரையில் முதலில் ‘ஃப்ளோட்’ என்று வந்தது. அரை நிமிடம் கழித்து ‘ஃபிக்ஸ்’ என்று மாறியது. கோள் அனுப்பும் அலை ஒன்றின் நீளம் சுமார் 19 சென்டிமீட்டர். கோளுக்கும் கருவிக்கும் இடையே எத்தனை முழு அலைகள் என்பதைக் கருவி ஐயமற எண்ணி முடித்துவிட்டால் ‘ஃபிக்ஸ்’. பிழை ஓரிரு சென்டிமீட்டருக்குள் அடங்கும். எண்ணி முடிக்காத நிலைதான் ‘ஃப்ளோட்’. அந்நிலையில் எடுத்த புள்ளியை ஏற்கக் கூடாது. நம் ஊர்க் கோயில் நிலத்தை அளக்க வரும்போது அன்பர்கள் இந்த ஒரு சொல்லையாவது திரையில் எட்டிப் பார்த்துக்கொள்வது நல்லது.

என் தம்பி அருகிலேயே நின்றிருந்தான். நஞ்சையைப் பார்த்துக்கொள்பவன் அவன். “நாலு மீட்டர் தள்ளிக் காட்டினால் யார் பொறுப்பு அண்ணா?” என்று என்னைக் கேட்பதுபோல அளவரைக் கேட்டான். நியாயமான கேள்வி. அவர் பதில் சொல்லாமல் எங்களை ஊர் எல்லைக்கு அழைத்துச் சென்றார். மூன்று கிராமங்கள் கூடும் இடத்தில் பழைய முச்சந்திக் கல் ஒன்று இருக்கிறது. வேறொரு நாள், வேறு கருவியால் அதன் இடத்தை எடுத்துவைத்திருந்தார்கள். இப்போது அதன் தலையில் கோலை ஊன்றி, குமிழை நடுவில் நிறுத்திப் படித்தார். பழைய எண்ணுக்கும் புதிய எண்ணுக்கும் இடையே இரண்டு சென்டிமீட்டர். தம்பி ஒன்றும் பேசவில்லை.

அதன் பிறகே உண்மையான வேலை. கோள் எவ்வளவு நுட்பமாகக் காட்டினாலும், நந்தவனத்தின் எல்லை எது என்று அதற்குத் தெரியாது. அது பழைய புலப்படத்தில்தான் இருக்கிறது. அப்படம் 66 அடிச் சங்கிலியால் அளந்து வரைந்தது. சங்கிலிக்கு 100 லிங்க், ஒரு லிங்க் ஏறத்தாழ 20 சென்டிமீட்டர். அதற்குக் கீழே அன்றைய அளவர் படிக்கவில்லை. ஆகவே ஒரு சாண் இரண்டு சாண் வேறுபாட்டுக்கெல்லாம் அண்டை வீட்டாரைத் திருடன் என்று சொல்லிவிடக் கூடாது என்று அந்தப் பெண் எச்சரித்தார். வாய்க்கால் கரையில் ஒன்றும் அரசமரத்து மேடையடியில் ஒன்றுமாக மேலும் இரண்டு பழைய கற்களைத் தேடிக் கண்டுபிடித்து, முச்சந்திக் கல்லையும் சேர்த்து, புலப்படத்தை அவற்றின் மேல் பொருத்தினார். கல்லைப் பிடுங்கி மாட்டுக்கு முளையடிக்கும் வழக்கமுள்ள ஊர்களில் இந்த வேலைக்கு வழியே இராது.

மேற்கு எல்லையில் புள்ளிகளை வைத்தோம். மாட்டுக்கொட்டகையின் சுவர் எல்லைக்கோட்டுக்கு உள்ளே, அவருடைய மண்ணிலேயே, ஒரு முழம் தள்ளி நின்றது. பங்காளி திண்ணையிலிருந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு வடகிழக்கு மூலை. அளவர் கோலோடு நடக்க, திரை வழிகாட்டியது: இன்னும் கிழக்கே, இன்னும் கிழக்கே. எங்கள் நஞ்சையின் மேட்டு வரப்பில் ஏறி, அங்கே வரிசையாக நிற்கும் தென்னைகளையும் தாண்டி, அப்பால் இறங்கி நின்றார். “இங்கே தோண்டுங்கள்” என்றார். ஒன்றரை அடி ஆழத்தில் கடப்பாரை கல்லில் பட்ட ஓசை கேட்டது. தென்னை வேர்கள் சுற்றிப் பின்னியிருந்த பழைய அளவைக் கல்.

தெற்கு முனையில் 3.2 மீட்டர், வடக்கு முனையில் 4.6 மீட்டர், நீளம் 70 மீட்டர். ஆறே முக்கால் சென்ட். நந்தவனத்தில் காணாமற்போன நிலம் எங்கள் குடும்பத்திடம் இருந்தது.

அந்த வரிசையில் பதினொரு தென்னைகள். என் பாட்டனார் வைத்தவை. அவர் அறிந்து செய்தாரா, வெள்ளத்தில் வரப்பு அழிந்தபோது கணக்குத் தவறி அணைத்துக் கட்டினாரா, சொல்ல இன்று எவரும் இல்லை. ஆனால் ஒவ்வோர் ஆண்டும் கார்த்திகைச் சோமவாரத்துச் சங்காபிஷேகத்துக்கு எங்கள் குடும்ப உபயமாக அம்மரங்களின் தேங்காய்கள்தான் கோயிலுக்குப் போயின. உபயதாரர் பெயரை ஒலிபெருக்கியில் வாசிக்கும்போது நான் நிமிர்ந்து நின்றிருக்கிறேன். கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பது என்பார்கள். நாங்கள் ஈசனுடைய தேங்காயையே எடுத்து, எங்கள் பெயரைச் சொல்லி அவனுக்கே உடைத்திருக்கிறோம்.

“சிவன் சொத்து, அண்ணா” என்றான் தம்பி. பழமொழியின் மறுபாதியை அவன் சொல்லவில்லை. அன்று பிற்பகல் இருவரும் கையொப்பமிட்டு நிலத்தை ஒப்படைத்தோம். எல்லைக்கல்லில் துறையின் பெயரெழுத்துகளைப் பொறித்து, தென்னை வரிசைக்குக் கிழக்கே நட்டார்கள். குழிக்கு மண் தள்ளியவன் தம்பிதான்.

மாலையில் பங்காளியின் வீட்டுக்குப் போனேன். விண்ணப்பத்தின் நகலைக் கையில் கொண்டுபோயிருந்தேன். எதற்கென்று எனக்கே தெரியவில்லை. அவர் அதை வாங்கிப் படித்தார். “நன்றாக எழுதியிருக்கிறாய்” என்றார். பிறகு காபி கொண்டுவரச் சொன்னார்.

இப்போது அப்பதினொரு மரங்களின் காய்ப்பு கோயில் கணக்கில் வரவாகிறது. வரப்பை வெட்டிச் சமன் செய்து, அங்கே அரளிப் பதியன்கள் வைத்திருக்கிறோம். கார்த்திகை வந்ததும் எண்பத்தெட்டு வயதான என் தாயார், “உபயத் தேங்காய் போய்விட்டதா?” என்று வழக்கம்போலக் கேட்டார். மன்னார்குடிக் கடைத்தெருவில் நூற்றெட்டுத் தேங்காய் வாங்கி, தம்பி வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துகொண்டிருந்தான்.